சைக்கிள் ஷூ நாறுகிறதா? முதலில் உள்ளங்காலைப் பாருங்கள்

கேள்வி: டாக்டரம்மா, வணக்கமுங்க. எனக்கு 36 வயசு. திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில சூப்பர்வைசரா இருக்கறேன். காலையில அஞ்சரைக்குச் சைக்கிள் எடுத்தா அவிநாசி வரைக்கும் போயிட்டு வருவேன், ஞாயித்துக்கிழமை இன்னும் தூரமாப் போவோம். ஒம்பது மணிக்குப் பட்டறைக்குள்ள போனா ராத்திரி எட்டு வரைக்கும் கம்பூட்டுதான். பெடல்ல மாட்டற கிளீட் ஷூ ஒண்ணு நல்ல விலை குடுத்து வாங்கினேன். இப்ப அதை வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியலீங்க, அத்தனை நாத்தம். பவுடர் போட்டேன், சென்ட் அடிச்சேன், ஃப்ரீசர்ல வெச்சேன் (வீட்டுல பெரிய சண்டை), வேப்பந்தழை திணிச்சேன், சாம்பிராணி கூடக் காட்டினேன். ரெண்டு நாள் அடங்கும், மறுபடி வந்துரும். ஒரம்பரை வீட்டுக்குப் போனா வாசல்ல கழட்டி வைக்கவே கூச்சமா இருக்குது. காலைக் கழுவாம இருக்கறதில்லீங்க, ரெண்டு நேரமும் சோப்புப் போட்டுத்தான் கழுவறேன். குளிச்சுட்டு வந்தா மட்டும் உள்ளங்கால் வெள்ளையா ஊறி, குழி குழியாத் தெரியும். காஞ்சா மறைஞ்சிரும். அடுத்த மாசம் 200 கிலோமீட்டர் பிரவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நெடுந்தூர சைக்கிள் ஓட்டமுங்க) ஒண்ணுக்குப் பேர் குடுத்திருக்கறேன். அதுக்குள்ள இந்த ஷூவுக்கு ஒரு வழி சொல்லுங்க.

- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

ஷூவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, காலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அந்த வரிதான். "வெள்ளையா ஊறி, குழி குழியாத் தெரியும், காஞ்சா மறைஞ்சிரும்" என்பதைப் படித்ததும் பாதிக் கதை புரிந்துவிட்டது. மீதியைச் சொன்னது கம்பூட்.

காலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டு வரை, நடுவில் குளிக்கிற நேரம் போக, உங்கள் பாதம் வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை. முதலில் சைக்கிள் ஷூ, அடுத்து ரப்பர் பூட். இரண்டுக்குள்ளும் ஈரம். இதில் பழி மட்டும் விலை அதிகமான ஷூவின் தலையில் விழுந்திருக்கிறது. ஷூவுக்கு வழி சொல்கிறேன், விரிவாகவே சொல்கிறேன். ஆனால் ஷூவை மட்டும் சுத்தம் செய்தால் கால் அதைத் திரும்பக் கெடுக்கும். காலுக்கு மட்டும் மருந்து போட்டால் ஷூ காலைக் கெடுக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். நீங்கள் செய்த எல்லா வைத்தியமும் இரண்டு நாளில் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

வியர்வைக்கு வாடை கிடையாது. உள்ளங்காலில் சுரப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் இவ்வளவு நெருக்கமாகச் சுரப்பிகள் உள்ள இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். அந்த ஈரத்தில் ஊறிய மேல்தோலையும் வியர்வையில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களையும் பாக்டீரியாக்கள் தின்கின்றன. தின்றது போக அவை வெளிவிடுவதுதான் நாற்றம். நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலெரிக் அமிலம் செய்யும். புளித்த, மூக்கைத் துளைக்கிற கால் வாடை பெரும்பாலும் அதனுடையது. விரல் இடுக்கில் வசிக்கும் பிரெவிபாக்டீரியம் வகையோ கந்தகம் கலந்த வாயுவை விடும். இதே குடும்பத்துப் பாக்டீரியாவை வைத்துத்தான் ஐரோப்பாவில் சில வகை சீஸைப் பழுக்க வைக்கிறார்கள். அந்த சீஸை முகர்ந்தவர்கள் "யாரோ ஷூவைக் கழற்றியிருக்கிறார்கள்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

அப்படியானால் சாதாரண ஷூவை விட சைக்கிள் ஷூ ஏன் மோசம்? அதன் வேலையே வேறு. பெடலில் மிதிக்கிற பலம் வீணாகக் கூடாது என்று அடிப்பாகத்தை நைலானிலோ கார்பனிலோ வளையாதபடி செய்கிறார்கள். நடக்கும்போது சாதாரண ஷூ ஒவ்வோர் அடிக்கும் வளைந்து நிமிர்வதால் உள்ளே காற்று கொஞ்சமாவது போய் வரும். சைக்கிள் ஷூவில் அதுவும் இல்லை. பாதம் ஒரே நிலையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். வெயிலில் மேடு ஏறும்போது உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட வியர்க்கும். தொடையிலும் முழங்காலிலும் வழிவதெல்லாம் காலுறை வழியாக ஷூவுக்குள்தான் இறங்குகிறது. வழியில் தலையில் ஊற்றிக்கொள்கிற தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். மழை என்றால், பெடலோடு பூட்டிக்கொள்கிற கிளீட்டை அடியில் மாட்டுகிற ஓட்டை வழியாகச் சாலைத் தண்ணீரும் ஏறும். எங்கள் வீட்டிலும் ஒருவர் இந்த ஷூவோடு திரிகிறார். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு வந்து அவர் அதைக் கழற்றி வைத்த இடத்தில் ஒரு சின்னக் குட்டையே தேங்கி நின்றது.

இனி நீங்கள் செய்த வைத்தியங்கள். ஃப்ரீசரில் பாக்டீரியா சாகாது, தூங்கும். திரும்ப உங்கள் கால் சூடு பட்டதும் எழுந்துவிடும். மாவரைத்து வைக்கிற பெட்டியில் ஷூவை வைத்ததற்கு வீட்டில் சண்டை போட்டது முழுக்க நியாயம். பச்சை வேப்பந்தழையே ஈரம்தான், காய வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய்த் திணித்திருக்கிறீர்கள். சென்டும் சாம்பிராணியும் ஒரு வாடையின் மேல் இன்னொன்றைப் பூசுகின்றன, அவ்வளவுதான். டால்கம் பவுடர் வியர்வையில் குழைந்து தையலில் அப்பிக்கொள்ளும். ஈரோட்டுக்காரியான என்னிடம் "மஞ்சள் போடட்டுமா" என்று கேட்பவர்கள் நிறைய. சமையலுக்கும் பொங்கலுக்கும் போடுங்கள். ஷூவில் போட்டால் காலுறைக்கும் கலர் ஏறும், கிருமி மட்டும் அப்படியே இருக்கும்.

சமையல் சோடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. நாற்றம் ஓர் அமிலம் என்றேன் அல்லவா? சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். ஆவியாகாதது மூக்குக்கு வராது. ஆகவே சோடா போட்டதும் வாடை குறைவது உண்மை. ஆனால் அமிலத்தைச் செய்கிற பாக்டீரியா அப்படியே இருக்கிறது, அடுத்த சவாரியில் புதிதாகச் செய்யும். வினிகர் நேர் எதிர். அது ஏற்கெனவே இருக்கிற வாடையைத் தீர்க்காது, பாக்டீரியா வளர்வதை மட்டுப்படுத்தும். சிலர் இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டு, பொங்குகிறதைப் பார்த்து "வேலை செய்கிறது" என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயம் ஏற்றியபின் சோடா ஆஷின் காரத்தை அசிட்டிக் ஆசிட் விட்டு நியூட்ரல் செய்வது உங்கள் அன்றாட வேலை. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். போட்டால் ஏதாவது ஒன்று, அதுவும் வெவ்வேறு நாளில்.

இன்னொன்று: சோடாவை ஷூவில் போடலாம், காலில் வேண்டாம். உள்ளங்காலில் குழி பறிக்கிற பாக்டீரியாவுக்குக் காரத்தன்மை பிடிக்கும். சோடாத் தண்ணீரில் காலை ஊற வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான்.

சரி, குழிக்கு வருவோம். ஆங்கில மருத்துவத்தில் இதற்குப் பிட்டட் கெரட்டோலைசிஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது, நோய் சிறியது. கைடோகாக்கஸ், கொரினிபாக்டீரியம் போன்ற சில பாக்டீரியாக்கள் ஊறிப் பருத்த மேல்தோலில் இறங்கி, அங்குள்ள கெரட்டின் புரதத்தைக் கரைக்கிற நொதிகளை விடுகின்றன. கரைந்த இடம் குண்டூசித் தலை அளவுக்குக் குழியாகும். சில நேரம் குழிகள் ஒன்றாகச் சேர்ந்து வரைபடம் போலப் பரவும். உடம்பின் பாரம் இறங்குகிற இடங்களில், அதாவது குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் அதிகம் இருக்கும். காய்ந்த தோலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நனைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் யாரும் டாக்டரிடம் வருவதில்லை. காலுறையைக் கழற்றும்போது அது தோலோடு வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வரும், கூடவே மற்றக் கால் நாற்றத்தை எல்லாம் தோற்கடிக்கிற ஒரு வாடை. உங்களுக்கு அப்படித்தானே இருக்கிறது?

கம்பூட் போட்டு நிற்கிற சாயப்பட்டறை ஆட்கள், நாள் முழுக்க பூட்ஸோடு நிற்கிற போலீஸ்காரர்கள், சேற்றில் நிற்கிற விவசாயிகள் என்று கால் நனைந்தே இருக்கிற யாருக்கும் இது வரலாம். அழுக்காக இருப்பதால் வருவதில்லை. நீங்கள் இரண்டு நேரமும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதாக எழுதியதில் ஒரு தற்காப்புத் தொனி இருந்தது, அது வேண்டியதில்லை. சொல்லப்போனால் இதில் கழுவுவதை விடத் துடைப்பது முக்கியம். கழுவிய காலை ஈரத்தோடு காலுறைக்குள் நுழைக்கிறவருக்கு, கழுவாதவரை விட ஒன்றும் பெரிதாக நன்மையில்லை.

இதற்கு வைத்தியம் எளிது. கிளிண்டாமைசின் 1 சதவீத லோஷனோ ஃபியூசிடிக் ஆசிட் களிம்போ டாக்டர் எழுதிக் கொடுப்பார். அல்லது முகப்பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடே போதும் என்பார். ஒழுங்காகப் போட்டு, காலையும் காய வைத்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் குழிகள் மறைந்துவிடும், அதற்கு முன்பே நாற்றம் போய்விடும். பென்சாயில் பெராக்சைடு பட்ட துண்டும் போர்வையும் கலர் போகும், அது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகப் பட்டறையில் துணி வெளுக்க வைத்திருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டுவந்து காலிலோ ஷூவிலோ ஊற்றிவிடாதீர்கள். கேனில் வருவது 35 அல்லது 50 சதவீதம். தோல் வெந்துவிடும்.

நான் உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன், காலைப் பார்க்கவில்லை. அதனால் இந்த வாரமே பக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக நான்காம் விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில். அங்கே வெள்ளையாகச் சொதசொதவென்று தோல் உரிந்து அரிப்பும் இருந்தால் அது சேற்றுப்புண், அதாவது பூஞ்சை. அதற்கு மருந்து வேறு. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மருந்துக் கடையில் "கால் அரிப்பு" என்று சொல்லி, கையில் கிடைக்கிற டியூபை வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு எத்தனையோ பெயரில் விற்கிறது. போட்ட மூன்றாம் நாள் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் போனதில் அந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குப் பாதிக் கோபம் வருவதே அந்த டியூபைப் பார்த்தால்தான்.

உள்ளங்கையும் சேர்ந்து வியர்க்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் பரீட்சைப் பேப்பர் நனைந்த ஆளா நீங்கள்? அப்படியானால் பிறவியிலேயே சுரப்பு அதிகம். படுக்கப்போகும் முன் நன்றாகக் காய்ந்த காலில் தடவிக் காலையில் கழுவுகிற அலுமினியம் குளோரைடு 20 சதவீதக் கரைசல் இருக்கிறது. ஈரக் காலில் போட்டால் எரியும். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீரில் காலை வைத்து லேசான மின்சாரம் பாய்ச்சுகிற ஐயன்டோஃபொரிசிஸ் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன்.

இனி ஷூ. டாக்டரைப் பார்க்கிற அதே வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் கிளீட் எங்கே நிற்கிறது என்று அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது நிலை கொஞ்சம் மாறும், இரண்டு சவாரியில் முழங்கால் வலி என்று வேறொரு டாக்டருக்குக் கடிதம் எழுதுவீர்கள். அலன் கீயால் ஸ்க்ரூவைக் கழற்றிக் கிளீட்டை எடுத்தால், அடியில் மண்ணும் வியர்வை உப்பும் கலந்த ஒரு கரிய பசை இருக்கும். அதைச் சுரண்டி எடுங்கள். அப்புறம் இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்தின் அடியில் விரித்திருக்கிற மெத்தைத் தகடு. நிறையப் பேர் அது வெளியே வரும் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். குதிகால் பக்கம் நகத்தைக் கொடுத்து இழுத்தால் வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். நாற்றத்தின் தலைமைச் செயலகம் அங்கேதான்.

ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் துணி சோப்புத் தூள். நொதி சேர்த்த தூளாக இருந்தால் நல்லது, அது தோல் துகளையும் வியர்வைப் புரதத்தையும் உடைக்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் அந்த நொதியும் வேலை செய்யாது, ஷூவின் பசையும் விட்டுவிடும். இன்சோலை அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஷூவை அவ்வளவு நேரம் முக்கி வைக்க வேண்டாம், பத்து நிமிடம் போதும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே விரல் முனை வரைக்கும், நாக்கின் அடியில், குதிகாலைச் சுற்றியுள்ள மெத்தைப் பகுதியில் நன்றாகத் தேயுங்கள். அந்த மெத்தைக்குள் இருக்கிற நுரை வியர்வையைக் குடித்து வைத்திருக்கும். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி விடுங்கள், பழுப்புத் தண்ணீர் வரும். அது தெளியும் வரை விடாதீர்கள். நேரம் போவது இந்த இடத்தில்தான், மற்றதெல்லாம் சுலபம்.

அலசுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கடினத் தண்ணீரைப் பற்றி உங்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் பட்டறையில் ஆர்.ஓ. தண்ணீர் தேடுகிறவர்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் போரில் ஷூவை அலசுவதைப் பார்த்திருக்கிறேன். சோப்பு முறிந்து திரிதிரியாக உள்ளேயே தங்கிவிடும். அந்தப் பிசுக்கு அடுத்த கூட்டத்துக்குச் சோறு. கடைசி அலசலாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் இருக்கட்டும்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம். தையல் நைந்துவிடும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். அதையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வாஷிங் மெஷினும் வேண்டாம். பட்டறையில் துணி பிழிகிற ஹைட்ரோவும் டிரையரும் கண்ணெதிரில் சும்மா நிற்கிறதே என்று ஆசை வரும், அதுவும் வேண்டாம்.

கழுவுவதை விடக் காய வைப்பதுதான் பெரிய வேலை. வாடை வருவதும் வராததும் இதில்தான் தீர்மானமாகும். வெயிலில் நேராக வைத்தால் செயற்கைத் தோல் பொரிந்து உரியும். நிழலில், காற்று ஓடுகிற இடத்தில், வெல்க்ரோவை எல்லாம் திறந்து நாக்கை வெளியே இழுத்து விட்டு வையுங்கள். உள்ளே திணிக்க ஊர் முழுக்கச் செய்தித்தாளைச் சொல்வார்கள். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குச் செய்தித்தாள் எதற்கு? பனியன் வேஸ்ட் இருக்கிறது. சாயம் போடாத வெள்ளைப் பருத்தி வெட்டுத் துணியாகப் பார்த்துத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஈரத்தை இழுத்திருக்கும், எடுத்துவிட்டு வேறு வையுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றியபின் துணியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனுக்கு எதிரில் ஷூவின் வாயைத் திருப்பி வையுங்கள். ஈரத் துணியை உள்ளேயே விட்டுத் தூங்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

நம் பக்கத்துக்குக் காற்று ஒரு வரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசுகிற காற்றுக்குத்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளாக நிற்கின்றன. அந்த மாதங்களில் மாடியில் நிழலான மூலையில் வைத்தால் ஒரு பகலில் காய்ந்துவிடும் (பறந்து போகாதபடி எதிலாவது கட்டி வையுங்கள்). ஐப்பசியும் கார்த்திகையும்தான் சோதனை. அப்போது மழையில் ஓட்டிவிட்டு வந்தால் இரண்டு நாளானாலும் உள்ளே பிசுபிசுப்பு இருக்கும். ஃபேன் இல்லாமல் ஆகாது. முழுக்கக் காய்ந்ததா என்று அறிய மேலே தொட்டுப் பார்த்துப் பயனில்லை. உள்ளே கையை விட்டு விரல் முனைப் பகுதியைத் தொடுங்கள், கடைசியாகக் காய்வது அதுதான்.

காய்ந்தபின் கிளீட்டைப் பழைய கோட்டில் வைத்து, ஸ்க்ரூவில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். இத்தனையும் மாதம் ஒரு முறை போதும். தினமும் செய்ய வேண்டியது சின்ன வேலை: வீட்டுக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுங்கள், வெல்க்ரோவைத் திறந்து விடுங்கள், ஷூவைப் பைக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். நீங்கள் தினமும் ஓட்டுகிறவர். ஒரு நாள் இடைவெளியில் ஷூ முழுக்கக் காய்வது சந்தேகம். இன்னொரு ஜோடி ஷூ செலவுதான், இன்னொரு ஜோடி இன்சோல் பெரிய விலை இல்லை. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கம்பூட்டுக்கும் இதே கதைதான். கம்பெனியில் கேட்டு இரண்டாவது ஜோடி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் வாங்குங்கள். இரவில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டைக் கழற்றிவிட்டு செருப்பில் இருங்கள், திரும்பப் போடும்போது காலுறை புதிதாக இருக்கட்டும். பூட்டுக்குள் வெறுங்காலை விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

காலுறை விஷயத்தில் உங்கள் ஊர் மனது புண்படாமல் பேச வேண்டும். பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும், கால் அதில் ஊறும். பாலியெஸ்டர் வியர்வையை வெளியே கடத்தும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு மெல்லிய பாலியெஸ்டரோ நைலானோ கலந்ததைப் போடுங்கள், ஒரே சவாரிக்கு ஒரு ஜோடி, துவைக்கும்போது உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுத் துவையுங்கள். மெரினோ கம்பளியில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது, வாடை குறைவு. நம் வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்காதீர்கள், மெல்லியதாகவே வருகிறது.

காலை எட்டு மணிக்குச் சைக்கிளிலிருந்து இறங்கியதும் காலைக் கழுவி, விரல் விரலாகப் பிரித்துத் துடைத்து, ஒன்பது மணி வரை வெறுங்காலோடு வீட்டில் நடங்கள். அந்த ஒரு மணி நேரம் மருந்துக்குச் சமம். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்து, அவர்களுக்கும் கால் நாற்றமோ விரல் இடுக்கில் வெடிப்போ இருந்தால், இங்கே எழுதியதை அவர்களுக்குச் செய்து பார்க்காமல் நேரே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மரத்துப்போன காலில் சூடான தண்ணீர் பட்டாலும் தெரியாது.

இவ்வளவும் செய்து, முதல் வியர்வையிலேயே அதே வாடை திரும்ப வந்தால் குதிகால் மெத்தை நுரை உள்ளே நொறுங்கிப் போயிருக்கும். அந்த ஷூவை விட்டுவிடுங்கள். அடுத்ததை வாங்கும்போது எடையும் கார்பனும் பார்ப்பதோடு, மேலே வலைத்துணி எவ்வளவு இருக்கிறது, மெத்தை எவ்வளவு மெல்லியது, இன்சோல் எளிதாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். உங்களுடையது எட்டு ஒன்பது மாதம்தான் என்றால் பிழைத்துக்கொள்ளும்.

பிரவேக்கு வருவோம். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். அத்தனை நேரமும் ஷூவுக்குள் இருந்தால், ஆறிக்கொண்டிருக்கிற தோல் திரும்ப ஊறிவிடும். ஜிப் கவரில் இரண்டு ஜோடி காலுறையும் ஒரு சின்னத் துண்டும் கொண்டு போங்கள். வழியில் நின்று பதிவு செய்கிற கன்ட்ரோலில் கார்டில் முத்திரை வாங்கிவிட்டு டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிடமும் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் காலைத் துடைத்து நீட்டி உட்காருங்கள், கிளம்பும்போது காய்ந்த ஜோடியைப் போடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து ஊற்றுங்கள், காலில் வழியாமல். இந்த வாரமே மருந்து தொடங்கினால் அடுத்த மாதத்துக்குள் தோல் பெரும்பாலும் தேறியிருக்கும். ஒருவேளை அதற்குள் உள்ளங்காலில் வலியோ, நடக்கும்போது எரிச்சலோ, சிவந்த வீக்கமோ வந்தால் இந்தப் பிரவேயை விட்டுவிட்டு அடுத்ததில் ஓட்டுங்கள். வருடத்தில் இன்னும் பல வரும்.